மீண்டும் அழுத்தவும்

பெயர் என்று இருக்க வேண்டிய இடத்தில் வயது என்று இருந்தது. அதற்கு நேரே யாரோ ஒரு மனிதரின் பெயர். வயது இருக்க வேண்டிய இடத்தில் எடை என்று போட்டு ஐம்பத்தெட்டு என்றிருந்தது. ஆள் ஒல்லிப்பிச்சானாக இருப்பார் போலிருக்கிறது என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அந்த மனிதர் தன் செல்போன் திரையைப் படமெடுத்து, கீழே "என்னங்க கூத்து இது?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். காலையில் வந்த ஒரே புகார் அதுதான். டீ ஆறுவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று கணினியில் தமிழாக்கக் கோப்பைத் திறந்தாள்.

சர்க்கரை நோயாளிகள் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் சின்ன இன்சுலின் பம்பு ஒன்று இருக்கிறது. போனில் பொத்தானை அழுத்தினால் மருந்து உடம்புக்குள் போகும். அந்தப் போன் செயலியில் வருகிற வாசகங்களைத் தமிழாக்குவதுதான் அவளுடைய வேலை. ஆங்கில வாசகங்கள் ஒரு கோப்பில் வரிவரியாக வரும். இவள் தமிழையும் அதே வரிசையில் வரிவரியாகக் கொடுக்க வேண்டும். கணினி வரியின் எண்ணை மட்டும்தான் பார்க்கும். அந்த வரியில் நல்லது எழுதியிருக்கிறதா, கெட்டது எழுதியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை.

முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஆங்கிலத்தில் வரவேற்பு ஒரு வரி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது அடுத்த வரி. போன வாரம் புதுப் பதிப்புக்காகத் திருத்தியபோது, தமிழில் இரண்டும் துண்டு துண்டாக, அதிகாரி விசாரிப்பதுபோல இருந்ததால், "வாருங்கள், முதலில் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்வோம்" என்று ஒரே வரியாகச் சேர்த்திருந்தாள். சேர்த்துவிட்டு இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து ரசித்தது வேறு நினைவிருந்தது. அன்று சாயங்காலம் கோப்பை அனுப்பப் போனபோது சரிபார்க்கும் கருவி வரி ஒன்று குறைகிறது என்று சிவப்பில் காட்டியது. தோளுக்குப் பின்னால் மேலாளர் வந்து நின்றார். எதற்கெடுத்தாலும் பரவாயில்லை என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் 'பரவால்ல சார்' என்றே பெயர். "பரவால்லம்மா, அனுப்பிடுங்க, அவங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். எந்த வரி குறைகிறது என்று தேடப் பொறுமையில்லாமல், கோப்பின் கடைசியில் போய் ஒரு வெற்று வரியைச் சேர்த்தாள். கணக்குச் சரியானது, சிவப்பு பச்சையானது. பம்பு கம்பெனியில் சோதித்தவர்களுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. எல்லாப் பொத்தானிலும் ஏதோ எழுதியிருக்கிறது என்று பார்த்து, நேற்று ராத்திரி புதுப் பதிப்பைத் திருப்தியாக வெளியிட்டுவிட்டார்கள்.

ஆக, அந்த வரிக்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரு வரி மேலே ஏறியிருக்கிறது. ஒவ்வொன்றின் இடத்திலும் அதற்கு அடுத்தது நிற்கிறது. சேர்த்ததைப் பிரித்து, கடைசி வெற்று வரியை அழித்தால் தீர்ந்தது. பிரித்தாள். சும்மா ஒரு பார்வைக்காகக் கோப்பின் நடுப்பகுதிக்குப் போனாள்.

மருந்து செலுத்தப்பட்டது. இது ஒரு வரி.

மருந்து செல்லவில்லை, மீண்டும் அழுத்தவும். இது அடுத்த வரி.

மருந்து போய்ச் சேர்ந்த ஒவ்வொரு தடவையும் போகவில்லை என்று திரை சொல்லும். அழுத்தினால் திரும்பவும் போகும். திரும்பவும் போகவில்லை என்று சொல்லும். இன்சுலின் அளவு மீறினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. அதை நம்பி எத்தனை பேர் அழுத்திக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்க ஆரம்பித்தவளுக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் மறந்துபோய் ஒரே ஒரு முகம்தான் வந்தது. அண்ணன்.

அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலை டிரிப் முடிந்து வீட்டுக்கு வந்து, மருந்து ஏற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு மறுபடி போவான். ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கிற ஆள். பம்பை ஆங்கிலத்திலேயே பழகியிருந்தான். போன மாதம் இவள்தான் அவன் போனைப் பிடுங்கித் தமிழுக்கு மாற்றினாள். எல்லாம் உன் தங்கச்சி எழுதினது, பார்த்துக்கோ என்று பீற்றிக்கொண்டாள். அவன் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்து மகிழ்ந்தான். அது பழைய பதிப்பு; புதியது நேற்று ராத்திரி தானாகவே அவன் போனில் இறங்கியிருக்கும்.

அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. அண்ணி வேலை பார்க்கும் கடையில் போனை உள்ளே விடமாட்டார்கள். மறுபடி அண்ணனைக் கூப்பிட்டாள்.

மேலாளர் அறைக்குப் போய் நின்றபோது எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. நின்றபடியே கொட்டிவிட்டாள்.

"ஒரு வரி குறைஞ்சுது சார். நான்தான் கடைசியில வெறும் வரி சேர்த்து சரிக்கட்டினேன். மருந்து போனாலும் போகலைன்னு காட்டுது. எங்க அண்ணனும் அதைத்தான் போட்டிருக்கான். போனை எடுக்க மாட்டேங்கிறான்."

அவர் வாயில் வழக்கமாக வருகிற 'பரவால்ல' இன்று வரவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அண்ணன் வீட்டு விலாசம் சொல்லுங்க. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன். கம்பெனிக்காரங்களை உடனே நிறுத்தச் சொல்றேன். நீங்க கிளம்புங்கம்மா, நிக்காதீங்க."

விலாசத்தைச் சொல்லிவிட்டு ஓடினாள். நிறுத்தினாலும் அண்ணனின் போனில் ஏற்கெனவே இறங்கிய பதிப்பு இறங்கியதுதான். படியில் இறங்கும்போதே திரும்பக் கூப்பிட்டாள். ஆட்டோவில் ஏறி, வழி சொல்லி, நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, எடுத்தான்.

"என்னம்மா இந்நேரத்துல..." குரல் தூக்கத்திலிருந்து வருவதுபோல இழுத்தது.

"அண்ணா, மருந்து போட்டியா?"

"போட்டேன். போகலைங்குது. மறுபடி அழுத்துன்னு சொல்லுது. அழுத்துனேன். மறுபடியும்..."

"எத்தனை தடவை?"

"நீ எழுதுனதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு அழுத்திக்கிட்டே இருந்தேன்."

அழக்கூடாது, இப்போது அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நல்லாக் கேளு. அதைத் தொடாதே. வயித்துல ஒட்டியிருக்கறதைப் பிச்சு எறி. சமையக்கட்டுக்குப் போய் சர்க்கரையை அள்ளி வாயில போடு. எழுந்திரு. கேக்குதா?"

"கை உதறுதும்மா. வேர்த்துக் கொட்டுது."

"எழுந்திருண்ணா. எனக்காக எழுந்திரு. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. டப்பாவா, நாற்காலியா, ஆளா என்று தெரியவில்லை. அதன் பிறகு மூச்சு மட்டும் கேட்டது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் அவன் முதுகில் ஏறிச் சவாரி போனதையும், அண்ணியிடம் சொல்லாமல் அவன் தின்ற ஜிலேபிகளையும், எதையெதையோ சொன்னாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேகத்தைக் கூட்டினார். சிக்னலில் நிற்க நேர்ந்தபோது அவளுக்கு உலகத்தின் மேலேயே கோபம் வந்தது. மூச்சு தூரத்தில் போவதுபோல ஒரு கணம் கேட்டது, மறு கணம் கேட்கவில்லை.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை. மாடிப்படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே மற்ற கையால் ஓங்கித் தட்டினாள். தட்டிய சத்தம் போனுக்குள்ளும் கேட்டது, ஒரு நொடி பிந்தி, அவன் இருக்கும் அறையிலிருந்து. "அண்ணா" என்று கத்தினாள். அதுவும் அந்தப் பக்கம் போய், அந்த அறையைச் சுற்றிவிட்டு, அவள் காதுக்கே திரும்பி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கதவுக்குப் பின்னாலோ, போனுக்குள்ளோ, தரையில் எதுவோ மெதுவாக, மிக மெதுவாக, கதவை நோக்கி இழுபட்டு வந்துகொண்டிருந்தது.