யாஸ்னா தூக்கிய கை

பள்ளி இடத்துக்கான குலுக்கலில் இவோவுக்குத் தன் மகன் படிக்கும் பள்ளிக்கூடமே கிடைத்துவிட்டது என்று கேட்டதிலிருந்து யாஸ்னாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இவோ பக்கத்து வீட்டு ஒரியெத்தாவின் மகன். ஒரியெத்தா சாந்தியாகோ வாரச் சந்தையில் தக்காளி விற்கிறவள். தன் மகன் ரெனாத்தோவை அங்கே சேர்க்க யாஸ்னா சிபாரிசு, நேர்காணல், மாதக் கட்டணம் என்று நாயாய் அலைந்தாள். ஒரியெத்தாவுக்குச் சும்மா மடியில் வந்து விழுகிறதாம்.

எல்லாம் இடதுசாரி ஆட்சி போட்ட சட்டம். அரசுப் பணம் வாங்கும் தனியார் பள்ளி கட்டணம் வாங்கக் கூடாது, பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கவும் கூடாது, குலுக்கல்தான். யாஸ்னா வலதுசாரிக் கட்சிக்காரி. பெற்றோரின் உரிமை போச்சு என்று ஊர்வலம்கூடப் போனாள். உரிமையாவது ஒன்றாவது! அந்தப் பிள்ளை தன் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காருவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பள்ளி முதலாளி பெற்றோரைக் கூட்டினார்.

"அரசுப் பணமே வேண்டாம்னுட்டா நாம முழுத் தனியார் ஆயிடலாம். பழையபடி கட்டணம் வரும், ஏறவும் செய்யும். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் எழுந்தது யாஸ்னாவின் கை. தூக்கியபடியே திரும்பி, பின்வரிசையில் புதுப் பெற்றோரோடு இருந்த ஒரியெத்தாவைப் பார்த்தாள். தக்காளிக்காரி பணத்துக்கு எங்கே போவாள்?

கட்டணம் பழையதைப்போல் மும்மடங்கானது. வங்கி வாசலில் காவல் நிற்கும் யாஸ்னாவின் கணவன் எர்னான், கடித்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"என் சம்பளமே அவ்வளவுதான்டி. யாரைக் கேட்டுக் கை தூக்குனே?"

ரெனாத்தோ நகராட்சிப் பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று.

புதுக் கல்வியாண்டுக்கு மார்ச்சில் பள்ளி திறக்கும் முன், ஒரியெத்தா ஒரு பை வெண்ணெய்ப்பழத்தோடு வந்து நின்றாள்.

"இவோ எங்க போறான்?" என்றாள் யாஸ்னா, உள்ளுக்குள் ஒரு நப்பாசையோடு.

"அங்கேயேதான். ரெண்டு கடை ஓடுது, லாரி வாடகை வருது. கட்டிடலாம்."

"நீ இடதுசாரிக்குத்தானே ஓட்டுப் போட்டே? கடையில கொடிகூடக் கட்டியிருந்தியே."

"ஓட்டு ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் யாஸ்னா." ஒரியெத்தா கூச்சத்தோடு சிரித்தாள். "தப்பா எடுத்துக்காதே. கடையில இவோ அளவுக்கு யூனிஃபார்ம் தீந்துபோச்சாம். ரெனாத்தோவோடது சும்மாதானே கிடக்கும்?"

யாஸ்னா உள்ளே போனாள். காலரில் தைத்திருந்த மகன் பெயரைக் கத்தரியால் பிரித்தாள். சட்டையை மடித்து எடுத்துவந்து கொடுத்தாள்.