வேண்டாவின் பலகையில் இல்லாத பறவை

என் கையில் பச்சை குத்தாததற்கு ஊசிப் பயம் காரணம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அத்தை எல்லம்மாள் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நடந்தது வேறு.

நயா பைசா வந்து பஸ் கண்டக்டர்கள் சில்லறைக்குத் திண்டாடிய வருஷம் அது. திண்டாடியவர்களில் ஒருவர் வரதன், எல்லம்மாள் அத்தையின் ஒரே மகன். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் அவருக்கு வேலை. நான் திருக்கழுக்குன்றத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். தினமும் காலையில் அதே பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போவேன். பஸ் முழுக்க அதட்டிக்கொண்டு வருகிற மனிதர், எனக்கு டிக்கெட் கிழிக்கும்போது மட்டும் கோணல்மாணலாகக் கிழிப்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தக் கோணல் டிக்கெட்டுகளால்தான்.

எங்கள் கல்யாணத்துக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. என் நைனா ஆபிரகாம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர், அத்தை மாரியம்மனை விடாதவள். எங்கள் சனத்தில் இது ஒரு விஷயமே இல்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் அவள் வீட்டுக்குப் போகும், ஆடி மாதக் கூழ் எங்கள் வீட்டுக்கு வரும். ஆனால் நைனா ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து அண்ணனும் தங்கையும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஒருவர் மழை என்றால் மற்றவர் தூறல் என்பார்.

அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பச்ச குத்தாத கையால நான் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன். எங்க வூட்டுக்கு வாழ வந்தவ எல்லாரும் குத்திகினுதான் வந்தாங்க. செத்தா கம்மல், மூக்குத்தி எல்லாத்தையும் கழட்டிக்குவாங்க. கூட வர்றது இது ஒண்ணுதான். சித்திரைத் திருவிழாவுல கிளி குத்திகினு வரட்டும், அன்னிக்கே உங்க வூட்டுக்கு வந்து தேதி பேசறேன். இல்லாட்டி ஊரப்பாக்கத்துல ஒரு பொண்ணு கீது. ரெண்டு கையிலயும் கிளி."

நைனா மாமல்லபுரம் லைட்ஹவுஸில் விளக்குத் துடைக்கிற வேலை பார்த்தார். உயரத்தில் இருந்து பழகியவர் என்பதாலோ என்னவோ, எதையும் உச்சியிலிருந்து சொல்வதுபோலத்தான் சொல்லுவார். வேதத்தில் பச்சை குத்தக்கூடாது என்று இருக்கிறது, என் மகள் குத்திக்கொள்ள மாட்டாள் என்றார். ஊரப்பாக்கத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"குத்தியே ஆவணும்னா புறா குத்திக்க. பரிசுத்த ஆவி எறங்கி வந்த ரூபம் அது. கிளி கூடாது. அது குறி சொல்ற பறவ."

எனக்குக் கிளியும் ஒன்றுதான், புறாவும் ஒன்றுதான். வரதன் என்ன சொல்லப்போகிறார் என்பதில்தான் எனக்கு அக்கறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரையில் அவரைப் பிடித்துக் கேட்டேன். நைனா சற்றுத் தள்ளி வலை காய்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீ இன்னா சொல்ற மச்சான்? கிளியா, புறாவா?"

"அம்மா சொல்றதும் சரிதான். மாமா சொல்றதும் சரிதான்."

"அது எனக்கே தெரியும். நீ இன்னா சொல்ற?"

அவர் செருப்பைப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் ஈர மணலில் உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. குச்சிக் காலும் நீள மூக்குமாய், உள்ளங்கையில் அடங்குகிற பறவை. அலை வந்தால் போதும், அத்தனையும் தலைதெறிக்க ஓடும். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"அதோ பார், உன் சொந்தக்காரங்க. நீ உள்ளான்தான் மச்சான். அம்மா அலை வந்தா இந்தப் பக்கம் ஓடற, மாமன் அலை வந்தா அந்தப் பக்கம் ஓடற."

அவர் கோபித்துக்கொண்டிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று வீட்டில் விளக்கு வைத்த பிறகு நான் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, அழுதேன். பச்சைக்காக இல்லை. நாளைக்குக் குழந்தைக்குப் பெயர் வைப்பதிலிருந்து ரசத்துக்கு உப்பு போடுவதுவரை இந்த மனிதர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தால் நான் யாரை நம்பி வாழ்வது? திருவிழாவில் எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு தடவை கேட்பது, மறுபடியும் 'ரெண்டும் சரிதான்' என்றால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடுவது. இப்படி முடிவு பண்ணிக்கொண்டுதான் தூங்கினேன்.

திருவிழா அன்று திருக்கழுக்குன்றத்தில் கால் வைக்க இடமில்லை. மலையடிவாரத்தில் அத்தை வேர்க்கடலை விற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பச்சை குத்துகிற வேண்டா கடை போட்டிருந்தாள். வேண்டா என்பது நான்காவதாகவும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயராம். கடை என்றால் கோணிப்பை நிழல், ஒரு பாய், சேர்த்துக் கட்டிய ஊசிகள், தேங்காய் ஓட்டில் விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் குழைத்த மை, அப்புறம் ஒரு பலகை. பலகை முழுக்கப் பறவைகள்.

என்னையும் நைனாவையும் கண்டதும் வேண்டா மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள்.

"வா கண்ணு, குந்து. கிளி குத்தினா நாக்குல தேன் சொட்டும், புருசன் வேற வூட்டு வாசல மிதிக்க மாட்டான். மயில் குத்தினா அழகு கொறையாது. ஆனா காலு போட மாட்டேன். மயிலு அது கால பாத்துதான் அழும், அத்தக் கையில போட்டா வூட்டுல அழுக நிக்காது. அன்னம் குத்தினா நல்லது கெட்டது பிரிச்சுப் பாக்கற புத்தி வரும். சேவலு ஆம்பளைக்கு. எங்க இருந்தாலும் விடியறதுக்குள்ள வூடு வந்து சேருவான். ஜோடிக் கழுகு மலைக்கு நேந்துகினவங்களுக்கு."

"பொம்பளைக்குக் கழுகு குத்தினா?" என்று கேட்டேன்.

"மாமியாரக் கொத்தும்."

எனக்கு அந்தப் பலகையிலேயே கழுகுதான் பிடித்திருந்தது. அத்தை அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

"கிளி குத்து. வாயில ஒரு கோவப்பழம் வெச்சுக் குத்து."

"புறா," என்றார் நைனா. "வாயில ஒரு எல வெச்சு."

வேண்டா நைனாவை ஏற இறங்கப் பார்த்தாள். "புறா எங்கிட்ட இல்ல நைனா. எங்க ஆத்தா அத்தத் தொடவே கூடாதுன்னிச்சு. ஆளு இல்லாத பாழு வூட்டுலதான் அது குடியிருக்கும்."

"இன்னா பேசற நீ? பரிசுத்த ஆவிடி அது!"

"இருக்கட்டும் அண்ணாத்த," என்றாள் அத்தை. "கோபுரம் பூரா எச்சம் போட்டு வெச்சுகீதே, அதுவும் உங்க ஆவிதானா?"

"உன் கிளி மட்டும் இன்னா யோக்கியம்? கொய்யா மரத்துல ஒரு பழத்த முழுசாத் துன்னுதா? எல்லாத்தையும் ஒரு கடி கடிச்சுட்டுக் கீழ போடுது."

வியாபாரம் கெட்டுவிடும் என்று வேண்டாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு யோசனை சொன்னாள். "கழுத்து வரைக்கும் புறா, மூக்கு மட்டும் கிளி. யாரு கேட்டாலும் ஆமான்னு சொல்லிக்கலாம்."

"கூடாது!" என்று அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் கத்தினார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அப்போதுதான். கடலை வாங்க வந்த கூட்டம் கடலையை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்க்க நின்றது.

அந்தச் சமயத்தில் வரதன் வந்தார். செங்கல்பட்டிலிருந்து வந்த பஸ் ஆலமரத்தடியில் நின்றிருந்தது. மாமல்லபுரத்துக்குக் கிளம்புவதற்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று, காக்கிச் சட்டையும் தோளில் பையுமாக வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லோர் முகத்தையும் பார்த்து, வழக்கம்போலச் செருப்பைப் பார்த்தார்.

நான் பாயில் உட்கார்ந்து வளையலை மேலே தள்ளிக் கையை நீட்டினேன்.

"நான் ரெடி. மச்சான், நீ சொல்லு. நீ சொல்ற பறவயத்தான் குத்திக்குவேன்."

ரெண்டும் சரிதான் என்று சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆலமரத்தடியில் டிரைவர் ஹாரன் அடித்தார்.

வரதன் தோள் பையைக் கழற்றி என் மடியில் வைத்தார். எனக்கும் வேண்டாவுக்கும் நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காக்கிச் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக்கு மேலே ஏற்றினார்.

"எனக்குக் குத்து," என்றார்.

வேண்டா சுதாரித்துக்கொண்டாள். "ஆம்பளையா? அப்போ சேவலு."

"உள்ளான்."

"உள்ளானா? அத்த வறுத்துத்தானய்யா துன்னுவாங்க! யாரும் குத்திக்க மாட்டாங்க. என் பலகையிலயே இல்ல."

அவர் விரலால் மண்ணில் வரைந்து காட்டினார். ஒரு சின்ன உடம்பு, இரண்டு குச்சிக் கால், நீள மூக்கு. வேண்டா குனிந்து பார்த்தாள்.

"சரி. நாளைக்கு வேற யார்னா கேட்டா பலன் இன்னான்னு சொல்றது?"

அவர் என்னைப் பார்த்தார். செருப்பை இல்லை, என்னை.

"அலை வந்தா ஓடும். பாக்கறவங்க சிரிப்பாங்க. ஆனா அலை எறங்கினதும் அதே எடத்துக்கு வந்து நிக்கும். எத்தினி வாட்டி தொரத்தினாலும் அந்தக் கரைய வுட்டுப் போவாது. அதான் பலன்."

பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். "யம்மா, பச்ச குத்துன கையால ஒனக்குத் தண்ணி வோணும், அவ்ளோதானே? இந்தக் கை மொண்டு குடுக்கும், குடி. மாமா, உங்க பொண்ணு கையில யாரும் எதையும் குத்தல. போதுமா? வேண்டா, சீக்கிரம் குத்து. பஸ்ஸுக்கு நேரமாவுது."

அத்தை மகன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடலைக் கூடையை இழுத்து மூடினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவருடைய பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே நயா பைசாக்கள் கலகலத்தன.

முதல் ஊசி இறங்கியதும் அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. வலி தெரியாமலிருக்க வேண்டா ஏதோ பாட்டுப் பாடினாள். அது அவருக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, நசுக்கி எடுத்துவிட்டார். ஊசிப் பயம் யாருக்கு என்று இப்போது தெரிகிறதா?

குத்தி முடித்ததும் பார்த்தால் உள்ளான் மாதிரியும் இருந்தது, கோழிக்குஞ்சு மாதிரியும் இருந்தது.

அத்தை விறைப்பாகத்தான் இருந்தாள். ஆனாலும் சொன்ன சொல்லை விடாமல் தேதி பேச எங்களோடு பஸ் ஏறினாள். கூஜாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில். நைனா பின்னால். சித்திரை வெயிலில் பஸ் கொதித்தது. அன்று காலையிலிருந்து கத்திய கத்தலுக்கு அத்தையின் தொண்டை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே வந்தாள். கூஜா மடியில்தான் இருந்தது. ஆனால் தானே எடுத்துக் குடித்தால் தோற்றுப்போனதாகிவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த வரதன் அதைப் பார்த்துவிட்டார். கூஜாவைப் பச்சை குத்திய வலது கையால் தூக்கினார். கை வீங்கிப் போயிருந்தது. தம்ளரில் பாதி, என் புடவையில் பாதி. நான் கூஜாவை வாங்கித் தம்ளரை நிரப்பி அத்தையிடம் நீட்டினேன். அத்தை என் வெறுங்கையைப் பார்த்தாள். வரதன் சட்டென்று தம்ளருக்கு அடியில் தன் விரல்களைக் கொடுத்தார்.

"நானும் புடிச்சிகினுதான்மா கீறேன். குடி."

அப்போது பார்த்து டிரைவர் ஒரு மாட்டுக்காகப் பிரேக் போட்டார். வரதன் தடுமாறிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தம்ளரை என் கை மட்டும் பிடித்திருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

அத்தை கம்பியைப் பிடித்த கையைப் பார்த்தாள், தம்ளரைப் பிடித்த கையைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மடக்கு மடக்கென்று முழுவதையும் குடித்தாள்.

காலித் தம்ளர் என் பக்கம் நீண்டது. முகம் மட்டும் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடி," என்றாள்.