அரைக் கிலோ பிஞ்சுக் கத்தரிக்காய்

கத்தரிக்காய் பொறுக்குவதில் தையல்காரம்மாவை அடித்துக்கொள்ள அந்தச் சந்தையில் ஆள் கிடையாது. காம்பு பச்சையாக இருக்கிறதா, தோல் மின்னுகிறதா, அழுத்தினால் சட்டென்று எழும்புகிறதா என்று பார்த்துத்தான் கூடையில் போடுவாள். காய்க்காரனை எல்லோரும் 'ஏழரை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழரை மணிக்குக் கடை விரிப்பதால் அந்தப் பெயர் என்பான் அவன்; அவன் வாயால் வந்த பெயர் என்பார்கள் மற்றவர்கள். அவனே அவள் வந்தால் மட்டும், "பொண்ணு பாக்க வந்துட்டாங்க, எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க" என்று குவியலைப் பார்த்துச் சொல்வான்.

ஒரு மாதமாக அவள் வாங்கிப் போவதெல்லாம் புழுவாக இருந்தது. ஏழரையோடு சண்டை போட்டாள். ஊசித்துளை அளவு ஓட்டையைக் கவனிக்காமல் எடுத்துப் போனால் தான் என்ன செய்ய முடியும் என்று அவன் கேட்டான். அவளுக்கு வலது கண்ணில் படலம் விழுந்திருந்தது. ஊசியில் நூல் கோக்கவே பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு காலை அவள் ஒரு காயை அழுத்திக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கமிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக் குவியலில் போட்டது.

"அதுல ஓட்டை இருக்கு, அத்தை."

நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது. மருமகள். மகன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. வேறு கல்யாணம் செய்துகொள் என்று அவளை ஒரு வருடம் நச்சரித்ததே தையல்காரம்மாதான். கல்யாணத் துணியைத் தன் கையாலேயே தைத்துக் கொடுத்தாள். ஆனால் கல்யாணத்துக்குப் போகவில்லை; உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினாள். அதற்குப் பிறகு மருமகள் வாழப் போன வீடு இருக்கும் தெருப் பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை.

நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது மருமகளின் வயிறு.

"எத்தனை மாசம்?"

"ஆறு."

மருமகள் குனிந்து, ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்து, அத்தையின் கூடையில் போட்டாள். ஏழரை கூடையை வாங்கி நிறுத்தான். அரைக் கிலோ ஆனதும், உனக்கு எடுத்துக்கொள்ளவில்லையா என்று தையல்காரம்மா கேட்டாள். வீட்டில் மாமியாருக்குக் கத்தரிக்காய் என்றாலே உடம்பெல்லாம் அரிப்பு, அதனால் அடுப்பிலேயே ஏற்றுவதில்லை என்றாள் மருமகள்.

"அப்புறம் எதுக்கு இங்க நிக்கிற?"

"சும்மாதான், அத்தை. தொட்டுப் பாத்துட்டுப் போலாம்னு." ஒரு காயை விரலால் தடவியபடி, "நீங்க வதக்குவீங்களே, அது நாக்குலயே நிக்குது" என்றாள்.

வீட்டுக்கு வா, பத்து நிமிடத்தில் வதக்கித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள் தையல்காரம்மா. அதற்குள் தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. மருமகள் அவள் கையை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தையல்காரம்மா தைக்க உட்காரவில்லை. காயை நீளநீளமாக நறுக்கி, எண்ணெயில் நிதானமாக வதக்கி, சூடு ஆறுவதற்குள் டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். போகலாமா வேண்டாமா என்று யோசித்தால் போகமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

வாசல் கதவு திறந்திருந்தது. அவள் படியில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து, "அத்தை, இங்க வாங்களேன்" என்று மருமகளின் குரல் கேட்டது. "இதோ வந்துட்டேம்மா" என்று தையல்காரம்மா சொல்லியே விட்டாள். அதே நேரம், "வரேன், வரேன்" என்று இன்னொரு குரல் உள்ளே பதில் சொன்னது. வயதான ஒருத்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்தைக் கடந்து போனாள். உள்ளே இரண்டு பேர் சிரிப்பது கேட்டது.

தையல்காரம்மா காலைப் பின்னால் எடுத்தாள். நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தாள். அதற்குத்தானே ஒரு வருடம் நச்சரித்தோம் என்றும் நினைத்தாள்.

வாசலோரம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். மருமகளின் கணவன்தான்.

"யாரும்மா வேணும்?"

"தையல்காரம்மா குடுத்தாங்கன்னு உங்க வீட்டுல சொல்லுங்க. உங்க அம்மா கை படாம தனியா வச்சுக்கச் சொல்லுங்க. அரிக்கும்."

அவனுக்கு யாரென்று புரிந்துவிட்டது. டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "உள்ள வாங்கம்மா. வெளியில இருந்தே போனா அவ வருத்தப்படுவா."

தைக்கிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றாள் அவள். இன்னொரு நாள் வருகிறேன் என்றும் சொன்னாள். அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். அவள் தெருவில் இறங்கி, வெயிலில் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி நடந்தே போனாள்.