எரியாத விளக்கு

1

இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு வார இதழில், பழைய கார் வாங்குவோருக்குப் பத்து யோசனைகள் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து பயப்படுவது மட்டும்தான். ஆனாலும் தலையாட்டிவிட்டேன். எழுத்தாளர்கள் முதலில் தலையை ஆட்டுவார்கள், பிறகு திருதிருவென்று விழிப்பார்கள்.

அங்கே இங்கே விசாரித்ததில் ஒன்பது யோசனைகள் தேறின. பத்தாவது வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சரி, கட்டுரைக்குள் ஒரு வியாபாரியை நிறுத்திப் பேசவைப்போம் என்று ஒருவரைக் கற்பனை செய்தேன். ஒன்பதையும் அவர் அழகாகச் சொன்னார். பத்தாவதைக் கேட்டதும் எழுந்து போய் ஒரு காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நானே படைத்த ஆள் என்னிடமே எதையோ மறைக்கிறார்! அந்த இடத்தில் கட்டுரை நின்றுபோனது, எனக்கு ஒரு பயம் வந்தது. அந்தப் பயத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் ஆரம்பம்: "வரிசையாக நின்ற கார்களின் கூரைகளில் காலை வெயில் விழுந்து"

(வெயிலை வைத்து ஆரம்பித்து ஆரம்பித்து எனக்கே அலுத்துவிட்டது. விட்டுவிடலாம்.)

இரண்டாவது ஆரம்பம்: கைராசிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இது பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்கிறேன். பழைய கார் வியாபாரம் செய்யும் அவரை எல்லோரும் கைராசி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கையால் சாவி வாங்கினால் வண்டி நன்றாக ஓடும் என்று யாரோ ஒருவர் என்றோ சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வார். "அடிபட்ட வண்டியா?" என்றால் "ஆமா, இடது பக்கம்" என்பார். வாங்க வந்தவர் அந்த நேர்மையில் உருகி, அடுத்த கேள்வி கேட்க மறந்துவிடுவார். கேட்காததைக் கைராசி சொன்னதே இல்லை. அதைப் பொய் என்று அவர் கணக்கில் சேர்க்கவுமில்லை.

3

இனி அந்த ஒன்பது. கைராசி இவற்றைத் தன் மகளுக்கு, அவள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்களில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொன்னார். நான் ஒட்டுக்கேட்டு எழுதிக்கொண்டேன்.

"வண்டி பாக்கப் போனா முதல்ல பானெட் மேல கைய வை. சூடா இருந்தா நீ வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கான். காலையில கிளம்ப மாட்டேன்னு படுத்துற வண்டிய அப்படித்தான் மறைப்பாங்க. பேசாம திரும்பி வந்துடு."

"பெடல் ரப்பரைப் பாரு. மீட்டர் கம்மியா காட்டுது, ரப்பர் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்குன்னா மீட்டர்ல யாரோ கைய வெச்சிருக்காங்க."

ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பால் ஆடை மாதிரி படிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போகிறது. தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்க்கவேண்டும். ஊறின சாக்கு மாதிரி நாறினால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கக்கூடாது, பின்னால் கிடக்கும் ஸ்டெப்னியையும் விடாமல் பார்க்கவேண்டும். பழைய வண்டியைக் கொடுத்து வேறு வாங்குவதானால், வாங்கும் வண்டியின் விலை முடிவாகும்வரை கொடுக்கப்போகும் வண்டியைப் பற்றி மூச்சுவிடக்கூடாது. இரண்டையும் சேர்த்துப் பேசினால் எதில் ஏமாந்தோம் என்றே தெரியாது. வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து ஆயில், தண்ணீர் பார்க்கவேண்டும். முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டு போகக்கூடாது.

"இன்னொண்ணு. ஓட்டும்போது ஃபோன் அடிச்சா எடுக்காத. நானே கூப்பிட்டாலும் எடுக்காத."

மகள் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டாள். ஆனால் அவளுக்கு ஒரு வண்டி கொடுங்கள் என்று கேட்டபோதெல்லாம் அவர் பிடிகொடுக்கவில்லை. "சொந்தக்காரங்களுக்கு வண்டி விக்கறதில்லம்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உறவு கெட்டுடும்" என்பார். அப்பாவின் கொள்கை என்று அவள் நினைத்துக்கொண்டாள். வரிசையில் நின்ற வண்டிகளை அவளுக்குக் கொடுக்க அவருக்குப் பயம். அவ்வளவுதான்.

4

இந்த இடத்தை இரண்டு தடவை எழுதி அழித்தேன். மகள்மேல் உயிரையே வைத்திருக்கும் மனுஷன் இதைச் செய்வாரா என்று சந்தேகமாக இருந்தது. பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன்: அந்த வண்டியில் அவர் மகள் போகப்போகிறாள் என்று யார் சொன்னார்கள்? முகம் தெரியாத யாரோ ஒருவர் போகப்போகிறார். முகம் தெரியாதவர்களுக்கு நாம் எல்லோருமே கொஞ்சம் கூசாமல்தான் செய்கிறோம்.

நடந்தது இதுதான். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன கார், யாரோ கொடுத்துவிட்டு வேறு வண்டி வாங்கிப் போனது. பார்க்க மூக்கும் முழியுமாக இருந்தது. ஆனால் பிரேக் ஆயில் டப்பாவுக்குக் கீழே எங்கேயோ கசிவு. ஊற்றினால் சில வாரம் நிற்கும், பிறகு மெல்ல இறங்கும். இறங்கியதும் மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கு எரியும். அந்த மாடலுக்குப் பார்ட் கிடைக்கவில்லை. அலைந்து தேடவும் மனசு வரவில்லை. கைராசி மீட்டர் பலகையைக் கழற்றி, அந்த ஒரு விளக்குக்குப் பின்னால் கறுப்பு டேப் துண்டு ஒன்றை ஒட்டினார்.* கிழிந்திருந்த ஸ்டியரிங்குக்கு ஒரு தோல் உறை போட்டுத் தைத்தார். கறுப்பு நூல் பாதியில் தீர்ந்துபோனதால் மீதியைப் பச்சை நூலில் முடித்தார்.

அப்படியும் வண்டி நகரவில்லை. அந்தத் தொழிலில் இதற்கொரு வழி உண்டு. ஒரு இடத்தில் நின்றே பழகிப்போன வண்டியை ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் வியாபாரியிடம் தள்ளிவிட்டு, அவரிடம் நின்று பழகியதை இங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். அங்கே அது புதுமுகம், இங்கே இது புதுமுகம். உன் வண்டியில் என்ன கோளாறு என்று இருவரும் கேட்டுக்கொள்ளமாட்டார்கள். கேட்டால் சொல்லவேண்டி வருமே! சாம்பல் நிறக் காரும் அப்படித்தான் அந்த மூலைக்குப் போனது.

* அந்தப் பத்தாவது யோசனை இங்கேதான் இருக்கிறது. கைராசி சொல்லவில்லை, நான் அவர் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சாவியை ஒரு திருப்புத் திருப்பினால், இன்ஜின் கிளம்புவதற்கு முன் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணையவேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் சிவப்பு விளக்கு எரியவேண்டும். எரிகிற விளக்குக்குப் பயப்பட எல்லோருக்கும் தெரியும். எரியாததைத்தான் தேடிப் பார்க்கவேண்டும். மகளுக்கு இதைச் சொல்லியிருந்தால் "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டிருப்பாள்.

5

ஒரு காலையில் கைராசி, வாங்க வந்த ஒரு தம்பதியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். ஃபோனில் படம் வந்து விழுகிறது. மகள் ஒரு காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், பின்சீட்டில் பேத்தி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருக்கிறாள். கீழே செய்தி: "அப்பா, சொல்லாம வாங்கிட்டேன். திட்டாதீங்க. நீங்க சொன்னது எல்லாத்தையும் பாத்துதான் வாங்கினேன். மலைக்கு அந்தப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்து உங்களை ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

நல்ல வண்டிதானா என்று ஒரு வியாபாரியின் கண்ணோடு படத்தைப் பெரிதாக்கினார். ஸ்டியரிங் உறையில் பாதிக்கு அப்புறம் பச்சைத் தையல்.

கைராசி தம்பதியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். மகளைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை. நானே கூப்பிட்டாலும் எடுக்காதே என்று சொன்னவர் அவர்தானே. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளையாக ஏன் வளர்த்தோம் என்று அந்த நிமிஷம் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

(மகளை நான் இவ்வளவு நல்லவளாக ஆக்கியிருக்கக்கூடாது. கொஞ்சம் அடங்காதவளாக எழுதியிருந்தால் இந்நேரம் எடுத்திருப்பாள். இப்போது மாற்றமுடியாது, மேலே எல்லாம் எழுதியாகிவிட்டது.)

விடாமல் அடித்ததில் பேத்தி எடுத்தாள்.

"தாத்தா! நாங்க மலை உச்சிக்கு வந்துட்டோம்! கீழ வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்கு!"

"குட்டி, ஃபோனை ஸ்பீக்கர்ல போடு. அம்மாகிட்ட வண்டிய நிறுத்தச் சொல்லு."

"அம்மா, தாத்தா நிறுத்தச் சொல்றாரு."

"எதுக்காம்?" தூரத்தில் மகளின் குரல் சிரித்தது. "அப்பா, கோவமா?"

6

நான் முதலில் யோசித்தது ஒரு டயரைப் பஞ்சராக்கிவிடலாம் என்றுதான். கதாசிரியனுக்கு அந்த அதிகாரமாவது இல்லையா! "திடீரென்று முன் டயர்" என்றுகூட எழுதினேன். ஆனால் டயரை அவள் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். மூன்றாவது பகுதியில் நானே எழுதி வைத்திருக்கிறேன். இன்ஜினைப் படுக்கவைக்கலாமா? ஆயில், தண்ணீர் எல்லாம் பார்க்கிறவள். என் யோசனைகளே என் கையைக் கட்டிப்போட்டுவிட்டன.

கைராசிக்கும் அதே கதிதான்.

"அந்த டயர் சரியில்லம்மா. படத்துல பாத்தேன். நிறுத்து."

"படத்துல டயரே இல்லியேப்பா! ஸ்டெப்னி வரைக்கும் பாத்துட்டேன்."

"ஏத்தம் ஏறி வந்திருக்க. இன்ஜின் சூடாயிருக்கும். கொஞ்ச நேரம் ஆற விடு."

"டெம்பரேச்சர் முள்ளு நடுவுலதான் நிக்குது. காலையில தண்ணி பாத்துட்டுதான் கிளம்பினேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, சட்டென்று முழுங்கினார். அதைச் சொன்னால் போதும், அலறி அடித்துக்கொண்டு இன்னும் வேகமாக வண்டியைத் திருப்புவாள். அவளை அவருக்குத் தெரியும்.

"பிரேக்..." என்றார். "இறக்கம் வருதும்மா. பிரேக் எப்படின்னு..."

"சும்மா கச்சுனு நிக்குதுப்பா. வாங்குறப்ப டப்பாவத் தொறந்து பாத்தேன், பிரேக் ஆயில் ஃபுல்லா இருந்துச்சு. குறைஞ்சா சிவப்பு லைட்டு எரியும்ல? இதுவரைக்கும் ஒரு தடவைகூட எரியல."

கைராசி பக்கத்தில் நின்ற ஏதோ ஒரு காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"அப்பா, எனக்குத் தெரியும். வேற எடத்துல வாங்கிட்டேன்னு உங்களுக்கு வருத்தம். அதான் குத்தமா சொல்றீங்க. நேர்ல வந்து பேசிக்கலாம். இறக்கம் வந்துடுச்சு, நான் ரோட்டைப் பாக்கணும்."

அவளை நிறுத்த ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். 'அந்த விளக்குக்குப் பின்னால் டேப் ஒட்டியது நான்தான்.' வேறு எதைச் சொன்னாலும் அவள் பார்த்துவிட்டேன் என்பாள். பார்க்கத் தெரிந்தவளாகத்தான் அவர் அவளை ஆக்கியிருக்கிறார்.

7

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறார். அவள் ஓரமாக நிறுத்துகிறாள். பிறகு, "வேற எத்தனை வண்டிலப்பா?" என்று கேட்கிறாள். அதற்குப் பதில் எழுத எனக்குத் தைரியமில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அவள் பத்திரமாக இறங்கிப் போய்ச் சேர்ந்துவிடுகிறாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகொரு நாள் அவர் ரகசியமாகச் சரிசெய்துவிடுகிறார். எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். மூன்றில் இதுதான் என்னை மிகவும் பயமுறுத்துகிறது. பெரும்பாலும் இப்படித்தான் ஒன்றும் ஆவதில்லை, அதனால்தான் யாரும் எதையும் சொல்வதில்லை.

முடிவு மூன்று: "முதல் வளைவில் அவள் பிரேக்கை மிதித்தபோது, பெடல்"

(இல்லை. என்னால் முடியாது. இதை எழுதமாட்டேன்.)

ஆகவே வண்டியை உச்சியிலேயே பிடித்து வைத்திருக்கிறேன். முன்சக்கரம் இறக்கத்தைத் தொட்டுவிட்டது, ரொம்ப நேரம் பிடித்துவைக்க முடியாது. மகள் ரோட்டைப் பார்க்கிறாள். ஃபோன் பேத்தியின் கையில், ஸ்பீக்கர் போட்டபடி இருக்கிறது. கைராசி வாயைத் திறந்திருக்கிறார், சத்தம் வரவில்லை. அந்த விளக்கைப் பற்றி இப்போது இன்னொருவருக்கும் தெரியும். நட்சத்திரக் குறி போட்டு நானே சொல்லிவிட்டேன்.

"என்னடி சொல்றாரு தாத்தா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. யாரோ மூச்சு விடுறது மட்டும் கேக்குது."

அது அவராக இருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம். சீக்கிரம் சொல்லுங்கள்.