காப்புக் கட்டிய மணிக்கட்டு

வீரய்யாவுக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. நின்றால் கை விண்விண்ணென்று தெறித்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில், வீங்கிப்போன வலது கையைத் தாங்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். விராலிமலை ரோட்டுக் கடையில் அவர் பரோட்டா மாஸ்டர். எண்ணெய்த் தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தது முந்தாநாள். அன்றைக்கே வந்திருக்க வேண்டாமா? மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவன் திருவிழா முடியுமுன் ஊர் எல்லையைத் தாண்டலாமா என்று ஒரே அடம். விரல்கள் மரத்துப்போன பிறகுதான் மனைவி சுகுணா அவரைப் பஸ்ஸில் ஏற்றி இழுத்து வந்தாள். பக்தி இருக்க வேண்டியதுதான், அதற்காக இப்படியா!

டாக்டர் பிளெஸ்ஸி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். மணிக்கட்டு எலும்பு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது.

"ரெண்டு வழி இருக்குங்க. உள்ளங்கைப் பக்கமா சின்னத் தகடு வைக்கலாம், சீக்கிரமே மணிக்கட்டை அசைக்கலாம். ஆனா துண்டெல்லாம் ரொம்பப் பொடி, ஸ்க்ரூ பிடிக்காம சரிஞ்சாலும் சரிஞ்சிரும். இன்னொண்ணு, புறங்கைப் பக்கமா நீளத் தகடு, உடைஞ்ச எடத்தைத் தாண்டிப் பாலம் மாதிரி. மூணு மாசம் மணிக்கட்டு மடங்காது. அப்புறம் இன்னொரு ஆபரேஷன் பண்ணி எடுத்துருவோம். என்னைக் கேட்டா ரெண்டாவதுதான்."

"சின்னதே போடுங்க. ஞாயித்துக்கிழமை பால்குடம் எடுக்கணும்."

"எதைப் போட்டாலும் அதுக்குள்ள குடம் தூக்க முடியாதுங்க. முதல்ல இந்தக் கயித்தை வெட்டணும், சதைக்குள்ள புதைஞ்சு கெடக்கு."

வீரய்யா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். வலி உச்சந்தலைக்கு ஏறியது. போன வருஷம் சுகுணா வயிற்றுக் கட்டியோடு பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தபோது நேர்ந்துகொண்டது இது. வெட்டிவிட்டு, நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆனால்? அதை வாய்விட்டுச் சொல்லவும் அவருக்குப் பயமாக இருந்தது.

சுகுணா மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். முடிச்சோரமாக நறுக்கென்று வெட்டினாள்.

"அடியே, ஒனக்காகக் கட்டுனதுடி!"

"உசிரு எனக்குத்தானே கெடைச்சுச்சு? குடத்தை நானே எடுக்குறேன். பொம்பளைக்கு இடது கையிலதானே காப்பு, இதையே கட்டி விடுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கை நீட்டியபடியே நின்றாள்.

கடைசியில் கயிற்றை வாங்கி அவள் மணிக்கட்டில் சுற்றினார். ஒற்றைக் கையால் முடிச்சு விழவில்லை. மறுமுனையைச் சுகுணா பல்லால் கவ்விக்கொண்டாள். இறுக்கி முடித்த பிறகும் வீரய்யா அவள் கையை விடவில்லை.

"நீளத் தகட்டையே போட்டுருங்கம்மா," என்றார் டாக்டரிடம்.