மாற்றி எழுதிய பன்னிரண்டு அர்த்தங்கள்

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டேன். காரியத்தில் காட்டுவேன். அதுதான் வினை.

என் வீட்டுக்காரர் சிவராஜுக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் வேலை. எனக்குக் காளிகாட்டில் இட்லி மாவு, முறுக்கு, சாம்பார் பொடி விற்கும் கடை. கடைக்கு மேலேயே வீடு. பதவி உயர்வுக்கு அவர் எழுத வேண்டிய தேர்வில் ஆங்கிலத்தாள்தான் எமன். விழுப்புரத்தில் தமிழில் படித்தவர் அவர். நான் கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்து ஆங்கிலத்தில் படித்தவள். ஆகவே சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முந்நூறு வார்த்தைகள். அட்டையின் ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் தமிழில் அர்த்தம், எல்லாம் என் கையெழுத்து. காலையில் முறுக்கு பிழிந்துகொண்டே வார்த்தையைச் சொல்வேன். அவர் அர்த்தம் சொல்லி, தெரிந்தவர் யாரையாவது வைத்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். ஆள் இல்லாத வாக்கியம் மனதில் நிற்காது என்பது என் கட்சி. மீன்காரர் நரேன் 'ஆப்ஸ்டினேட்', பிடிவாதக்காரர். எவ்வளவு கெஞ்சினாலும் செதில் சீவித் தரமாட்டார். எதிர் வீட்டு அமலா 'ஃப்ரூகல்', சிக்கனக்காரி. ஒரு தேயிலைப் பையில் மூன்று டீ போடுவாள். இப்படித் தெருவில் பாதிப் பேர் எங்கள் வாக்கியங்களில் குடியேறிவிட்டார்கள்.

கடைக்குப் பக்கத்திலேயே கீழ் வீட்டில் இருக்கும் கல்பனாவை நான் பௌதி என்றுதான் கூப்பிடுவேன்; இங்கே அக்கம்பக்கத்து அண்ணிகள் எல்லாரும் பௌதிதான். ஒரு நாள் முறுக்கு வாங்க வந்தவர், தேர்வில் ஜெயித்தவர்களைச் சக்ரதர்பூருக்கு மாற்றுவார்களாமே, கடையை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். அவர் வீட்டுக்காரரும் அதே ஆபீஸ். ஊருக்கெல்லாம் தெரிந்த சேதி கட்டினவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் கால் கடுக்க நின்று வளர்த்த கடை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனிதருக்கு வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

அன்று மதியமே, என் வீட்டுக்காரர் இன்னும் தொடாத அட்டைக்கட்டிலிருந்து பன்னிரண்டு அட்டைகளை உருவினேன். எதிரும் புதிருமான ஆறு ஜோடி. அர்த்தங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் புதிதாக எழுதி வைத்தேன். ஓயாமல் பேசும் 'கேரலஸ்' வாயே திறக்காதவர் ஆனார். வாய் திறக்காத 'டாசிடர்ன்' ஓயாமல் பேசுபவர் ஆனார். அவர் தோற்றால் கடை பிழைக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை 'டாசிடர்ன்' என்றேன். ஓயாமல் பேசுகிறவர் என்று அர்த்தம் சொல்லி, கல்பனா பௌதி டாசிடர்ன் என்று வாக்கியமும் சொன்னார். கீழே பௌதி அரை மணி நேரமாகப் பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக இருந்தது. சரி என்றேன். தேர்வுக்கு மீதமிருந்த எட்டு நாளும் அந்தப் பன்னிரண்டுக்கும் சரி, சரி என்றே சொன்னேன்.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் கோயிலுக்குப் போய் வந்தார். காளி காலடியில் வைத்துக் கொடுத்த செம்பருத்தியை என் அட்டைக்கட்டின் மேல் வைத்து, கட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டையும் உருவி அவர் முன்னால் போட்டேன்.

"இதெல்லாம் பொய்ங்க. வேணும்னே மாத்தி எழுதினேன். இந்தக் கடையை விட்டுட்டு என்னால எங்கயும் வர முடியாது."

அவர் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. முதல் நாளே ஆபீசில் அகராதியைப் பார்த்துவிட்டாராம். பிறகு ஏன் தினமும் என் அர்த்தத்தையே சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன், கோதை. சக்ரதர்பூர் விஷயத்தை நானுந்தானே சொல்லல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்னைக் கேக்குறது?"

ஆளுக்கொரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு எட்டு நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜெயித்தால் அவர் மட்டும் போவது, சனிக்கிழமைதோறும் ரயிலேறி வருவது என்று பேசி முடித்தோம். பொய் அட்டைகளைக் கிழித்துப்போட்டு, சரியான அர்த்தங்களை இருவரும் உட்கார்ந்து படித்தோம்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. ஒரு மார்க்கில் போய்விட்டது.

"டாசிடர்ன் வந்துச்சு," என்றார். "சரியான அர்த்தம் தெரியும். எழுதுறப்போ நீ சரி, சரின்னு சொன்னதுதான் காதுல கேட்டுச்சு. கை அதையே எழுதிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். நான் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்திருந்தது. கடையும் இருந்தது, அவரும் இருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, என் கையாலேயே கெடுத்தேனே.

அடுத்த தேர்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. மறுநாளே வெற்று அட்டைகள் ஒரு கட்டு வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். இந்தத் தடவை அர்த்தமெல்லாம் உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கட்டைப் பிரித்து, முதல் அட்டையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"நீயே எழுது," என்றார்.