மலைக்குப் போன ஒரு மீட்டர்

பொம்மை ரயிலின் மூன்று சரக்குப் பெட்டிகளை வரிசை மாற்ற ஏழு நகர்த்தல் வேண்டும். அதை ஆறில் முடிக்க முடியுமா என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அவன் மனைவி போனில் துணிக்கடைக்காரரைத் திருடன் என்றாள்.

"பதினஞ்சு வருஷமா உங்ககிட்டதான் எடுக்குறேன். முப்பத்தாறு மீட்டர்னு சீட்டு ஒட்டிட்டு முப்பத்தஞ்சு சுத்திக் குடுத்தா, அதுக்கு என்னண்ணே பேரு? நீங்களே சொல்லுங்க."

அவன் குமிழைத் திருப்பினான். என்ஜின் முனகிக்கொண்டே பின்னால் போய்க் கடைசிப் பெட்டியைத் தொட்டது. கொக்கி மாட்டியது. இரண்டாவது நகர்த்தல்.

கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டியவன். பத்தொன்பது வருஷம், பெரும்பாலும் இரவு ஷிப்ட். ஒருநாள் விடிகாலையில் ஏணியில் இறங்கியவன் மறுபடி ஏறவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "போதும்" என்றான். வீட்டில் உட்கார்ந்த இரண்டாவது மாதம் ரயில் வந்தது. முதலில் ஒரு வட்டம், சாப்பாட்டு மேஜை அளவுக்கு. பிறகு முன்னறையின் மூன்று சுவர்களை ஒட்டி இடுப்பு உயரத்தில் பிளைவுட் பலகை. வட்டம் முழுமையாக வேண்டுமே என்று வாசலுக்குக் குறுக்கேயும் ஒரு பலகைப் பாலம் போட்டான். யார் உள்ளே வந்தாலும் குனிந்துதான் வர வேண்டும். அறைக்கு நடுவே அவளுடைய வெட்டும் மேஜை, ஜன்னலோரம் தையல் மெஷின். அளவு கொடுக்க வரும் பெண்கள் குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்தால், எதிரே ஒரு ஆம்பளை ரயில் விட்டுக்கொண்டிருப்பான். நாலு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

"வீட்டுல இருக்குற புருஷன்னு நெனச்சேன். வீட்டை அடைச்சிக்கிட்டு இருக்குற புருஷன்" என்று அவள் சொல்வாள். அவன் காதில் போட்டுக்கொள்வதில்லை. யார்டில் முகம் தெரியாத ஒருத்தன் இரவு முழுக்க வயர்லெஸ்ஸில் காதுக்குள் கத்துவான். அவன் சொன்ன இடத்தில் சொன்ன பெட்டியை இறக்க வேண்டும். இங்கே எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று இவன் முடிவு செய்கிறான். தப்பினால் பின்னால் எடுத்து மறுபடி செய்கிறான். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று அவன் எதிர்பார்த்ததே இல்லை. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாகவும் இல்லை.

ஒரு கிளினிக்கிலிருந்து அவளுக்கு ஆர்டர் வந்திருந்தது. ஆபரேஷன் அறையில் போடும் பச்சை அங்கி, பன்னிரண்டு. நாளைக்குக் கொடுக்க வேண்டும். பிடித்தால் வருஷம் முழுக்க அவளுக்குத்தான். "அது கைக்கு வந்துச்சுன்னா இந்த ரூம் எனக்கு வேணும். இப்பவே சொல்லிட்டேன்" என்று போன வாரமே சொல்லிவிட்டாள்.

போன வாரம்தான் அவன் ரயில் நுழைந்து போக ஒரு மலை கட்டினான். கம்பி வலை, அதன்மேல் பழைய பேப்பர், அதன்மேல் புல்லுக்கு ஏதாவது பச்சையாக வேண்டும். மூலையில் துணிச்சுருள் நின்றது. உள்முனையை உருவி ஒரு மீட்டர் வெட்டினான். தைக்கிறவளுக்குக் கடைசியில் எப்படியும் மிச்சம் விழும் என்பது அவன் கணக்கு. ஒரு சாண்கூட மிஞ்சாமல் அளந்து வாங்குகிறவள் அவள் என்பதும், மூன்று மூன்று மீட்டராக அடுக்கு விரித்துப் பன்னிரண்டையும் ஒரே வெட்டில் வெட்டுவாள் என்பதும் இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தெரியாது. இன்று காலை பன்னிரண்டாவது அடுக்கு பாதி மேஜையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். பயம் ஒன்றும் இல்லை. சொன்னால் அறை போய்விடும், அவ்வளவுதான். ஆர்டர் முடிகிற வரைக்கும் கடைக்காரர் திருடனாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் கடைக்காரர் அரைமணி நேரத்தில் நேரிலேயே வந்துவிட்டார். கையில் பித்தளைப் பூண் போட்ட மீட்டர் கோல். தொப்பை இடிக்காமல் பாலத்துக்குக் கீழே நுழைவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இது என்னம்மா, கோழிக்கூண்டு வாசல் மாதிரி? எங்கே துணி? நானே அளக்குறேன். எங்கப்பா காலத்துக் கோல் இது. இது பொய் சொல்லாது."

"அளங்கண்ணே. நானும் பக்கத்துலயே நிக்கிறேன்."

விரித்த அடுக்குகளின்மேல் ஒவ்வொரு மீட்டராக உரக்க எண்ணினார். முப்பத்தஞ்சு. மறுபடி எண்ணினார். அதேதான். அவர் முகம் சுண்டிப்போனது. சட்டைக்காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் ரயிலைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். பக்கத்தில் போனார்.

அவருடைய துணிக்குக் கரையில் இரண்டு மஞ்சள் இழை ஓடும். அவர் கடைக்கென்று நெய்து வாங்குவது. அவன் அந்தக் கரையை வெட்டி எறியவில்லை. மலையடிவாரத்தில் ஒற்றையடிப் பாதை மாதிரி அழகாக இருக்கிறதே என்று வெளியே தெரியும்படி ஒட்டியிருந்தான்.

"என் துணியில புல்லு நல்லா மொளச்சிருக்கே சார்" என்றார் கடைக்காரர்.

அவர் கோலை மலைமேல் சாய்த்து வைத்து, மேட்டிலும் சரிவிலும் நகர்த்தி நகர்த்தி, கடையில் அளக்கிற அதே சிரத்தையோடு அளந்தார். "முப்பத்தாறு" என்றார்.

"மன்னிச்சிருங்கண்ணே." என்றாள். "இன்னும் ஒரு மீட்டர் அனுப்பிவைங்க."

"அனுப்புறேன். நீ என்னை அந்த வார்த்தை சொன்னப்ப கடையில நாலு பேர் நின்னாங்கம்மா. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்." அவனிடம் திரும்பினார். "நீங்க இங்கயேதான் இருந்தீங்களா சார், அப்ப?"

"ஆமா" என்றான் அவன்.

கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு, குனிந்து வெளியே போனார்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தினால் திருப்பிக் கத்தலாம். அதற்கு நாலைந்து வாக்கியம் தயாராக வைத்திருந்தான். அவள் மேஜையிலிருந்து நீள மர ஸ்கேலையும் சாக்பீஸையும் எடுத்தாள். ஜன்னல் பக்கத்துப் பலகையின் குறுக்கே ஸ்கேலை வைத்தாள்.

"அந்த முனையைப் பிடிங்க."

"எதுக்கு?"

"பிடிங்க."

பிடித்தான்.

"என்னதான் பண்ணப் போற?"

"வெட்டுறதுக்கு முன்னாடி கோடு போடணும். அது உங்களுக்குத் தெரியாது."

சுவரிலிருந்து சாக்பீஸ் கிளம்பியது. முதல் தண்டவாளத்தைத் தாண்டியது. இரண்டாவதில் பெட்டிகள் நின்றன. கையை எடுப்பாள் என்று நினைத்தான். சாக்பீஸ் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் ஏறி, கூரைமேல் போய், மறுபக்கம் இறங்கிப் பலகையின் விளிம்பு வரைக்கும் வந்தது.

அவன் ஸ்கேலை விட்டுவிட்டுக் குமிழைத் திருப்பினான். பெட்டிகள் நகர்ந்தன. கூரையில் இருந்த வெள்ளைக் கோடு மலைக்குள் போய் மறைந்தது. பெட்டி நின்றிருந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு விட்டுப்போயிருந்தது. அவள் குனிந்து அதை நிரப்பத் தொடங்கினாள். வண்டி மலையை விட்டு வெளியே வந்து, வாசல் பாலத்தைக் கடந்து, அவள் நின்ற ஜன்னல் சுவரில் திரும்பியது. அவள் கை இன்னும் தண்டவாளத்தின்மேல் இருந்தது.